அடுப்படிச் சுவரின் நீல லேபிள்கள்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதையும் வைத்துக்கொள்ளத் தெரிவதில்லை. வாங்குகிறார்கள், ஒரு வருஷம் கையிலேயே வைத்துத் தேய்க்கிறார்கள், பிறகு தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்கு வரிசையில் போய் நிற்கிறார்கள். என் தெருமுனைக் குப்பைத் தொட்டியை ஒரு வாரம் கவனித்தால் போதும். காலொடிந்த நாற்காலி கிடக்கும். ஒரு ஆணி அடித்தால் இன்னும் இருபது வருஷம் உட்காரலாம். அந்த ஒரு ஆணியை அடிக்கத் தெரியாதவர்கள்தான் எனக்குப் புத்தி சொல்ல வருகிறார்கள்.

நேற்று உங்கள் ஆபீசில் விசாரணையின்போது வாயால் சொன்னதை எழுத்தில் கொண்டுவரச் சொன்னீர்கள். உங்கள் உதவியாளர் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று எழுதி, கடைசியில் கையெழுத்து மட்டும் என்னுடையதாக இருக்கும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கோணலாக இருந்தாலும் என்னுடையது.

முதலில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில். என் வீட்டுக்கு இத்தனை பிளாப்பி எப்படி வந்தது என்று கேட்டீர்கள். உங்கள் உதவியாளர் அதை இரண்டு விரலால் தூக்கி, செத்த கரப்பானைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் வயதுக்கு அது என்னவென்றே தெரியாது. உள்ளங்கை அளவு சதுரமான பிளாஸ்டிக் தட்டு. ஒரு ஓரத்தில் தகரத் தடுப்பு; இழுத்தால் நகரும், விட்டால் டப்பென்று மூடும். உள்ளே பழுப்பு நிறத்தில் வட்டமான மெல்லிய படலம். கம்ப்யூட்டர் எழுதுவதெல்லாம் அந்தப் படலத்தில்தான் இருக்குமாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. படித்தவர்களுடைய அறிவு பெரும்பாலும் அப்படித்தான்.

நான் இருபத்தாறு வருஷம் பியூனாக இருந்த பாட்டரித் தொழிற்சாலையை மூடினபோது, ரெக்கார்டு அறையில் இருந்த பிளாப்பிகளை மூன்று சாக்கில் கட்டி, குழியில் போட்டு எரிக்கச் சொன்னார்கள். தள்ளுவண்டியில் ஏற்றினேன். கேட்டுக்கு வெளியே வந்தால் குழி இடது பக்கம், என் வீடு வலது பக்கம். வலது பக்கம் தள்ளினேன். யாரும் பார்க்கவில்லை. எரிக்கச் சொன்னவர்கள் எரிகிறதா என்று எட்டிப் பார்க்கவும் இல்லை. மூவாயிரத்துச் சொச்சம் இருக்கும்.

நல்ல பொருளை எரிக்க எனக்கு மனம் வராது. ஒவ்வொன்றாக உபயோகம் கண்டுபிடித்தேன். ஆடுகிற பீரோவின் காலுக்கு இரண்டு போதும். அளவெடுத்துச் செய்ததுபோல் நின்றது. ஆணி, திருகாணி, வாஷர் போடுகிற பெட்டிகளுக்குள் தடுப்பு வைத்தேன். ஓரத்தைச் சாய்வாக வெட்டினால் சுவரில் காய்ந்த பெயின்ட்டைச் சுரண்ட அதைவிட நல்ல தகடு கிடையாது. அந்தத் தகரத் தடுப்பைக் கழற்றினால் ரசீதுகளைக் கவ்வி வைக்கலாம். கூரை ஒழுகுகிற இடத்தில் மீன் செதில்போல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தார் பூசினேன். பதினெட்டு மழைக்காலம் தாங்கியிருக்கிறது. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் ஏஸி போட்ட அறையில் உட்கார்ந்து எழுதி வைத்ததெல்லாம் என் தலைக்கு மேல் மழையைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

சூரிய கிரகணம் வந்த வருஷம், உள்ளே இருக்கும் படலத்தைப் பிய்த்துத் தெருவில் எல்லாருக்கும் கொடுத்தேன். அதன் வழியாகப் பார்த்தால் சூரியன் தேய்ந்த காசுபோலத் தெரியும். பக்கத்து வீட்டில் முடிவெட்டுகிறவர் இருக்கிறார். அவர் கிரகணம் விடும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். வலது கண்ணில் நடுவில் மட்டும் இன்றைக்கும் ஒன்றும் தெரியாது. ஓரமாகத்தான் பார்ப்பார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். கண்ணை வைத்தது அவர்.

அடுப்படிச் சுவருக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது அதைப்பற்றித்தான்.

அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டால் சுவரையே இடிக்க வேண்டும் என்பார். நானே பிளாப்பிகளைச் சிமென்ட்டில் பதித்தேன். வரிசைக்குப் பதினாறு, பன்னிரண்டு வரிசை. நீல லேபிள் ஒட்டினவற்றையே பொறுக்கி எடுத்து, லேபிள் வெளியே தெரிகிற மாதிரி பதித்தேன். பார்க்க அழகாக இருந்தது. துடைத்தால் போதும், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாது.

இப்போது உங்கள் மேஜை மேல் இருக்கும் அந்தப் பதினொன்றும் எப்படி ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்று கேட்டீர்கள். தனியாக ஒரு பையில் இருந்தன. பையிலிருந்து எடுத்துப் பதித்ததால் ஒரே வரிசையில் வந்தன. அவற்றை மட்டும் ஏன் தனிப் பையில் வைத்திருந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தோன்றவில்லை. நானே சொல்கிறேன்.

தொழிற்சாலையில் ஒரு நடைமுறை வைத்திருந்தார்கள். ஈயத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கொட்டகை கொட்டகையாக ரத்தம் எடுப்பார்கள். ஈயம் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஆளுக்கு ஒரு எண் வரும். நாற்பதுக்குள் இருந்தால் வேலையைப் பார்க்கலாம். மேலே போனால் ஆளை அங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் போட வேண்டும். டைப்பிஸ்ட் அம்மா அந்த எண்களைக் கொட்டகைக்கு ஒரு பிளாப்பியில் ஏற்றுவார். எல்லாரும் நாற்பதுக்குள் இருந்தால் நீல லேபிள். அது பீரோவுக்குப் போகும். ஒருவன் தாண்டியிருந்தாலும் சிவப்பு லேபிள். தாண்டினவனுடைய ஆள் நம்பரையும் அதன் மேல் எழுதிவிடுவார். சிவப்பு அன்றைக்கே மேனேஜர் கைக்குப் போக வேண்டும். கொண்டுபோவது நான். லேபிள் சுருள் இருக்கும் அலமாரிச் சாவியும் என்னிடம்தான்.

மேனேஜர் அறை முற்றத்தைத் தாண்டி எதிர்க் கட்டடத்தில், முப்பத்தெட்டுப் படி ஏறி. அறைக்கு முன்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பான். நாங்கள் அவனுக்கு 'சீல்' என்று பெயர் வைத்திருந்தோம். எதைக் கொடுத்தாலும் ஒரு சீல் குத்துவான். கையைக் காட்டினால் கையிலும் குத்துவான். தகடு வெட்டும் கொட்டகையின் சிவப்பு பிளாப்பியைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன். வாங்கினான், சீல் குத்தினான், மேஜையில் வைத்து அதன் மேல் டீ டம்ளரை வைத்தான்.

"அவசரம்னு டைப்பிஸ்ட் அம்மா சொன்னாங்க" என்றேன்.

"அவசரமா? அதை எப்படி எழுதறதுன்னு தெரியுமாய்யா உனக்கு? இந்தா பேனா, எழுதிக் காட்டு பார்ப்போம்" என்றான்.

அங்கே நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன் இருமுவதுபோல் நடித்துச் சிரித்தான். பிளாப்பிக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நேற்று இந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன். மேலே யாரும் படிக்கப் போவதில்லை, டம்ளருக்கு அடியில் வைக்கப் போகிறார்கள், அதற்கு எதற்கு முப்பத்தெட்டுப் படி ஏற வேண்டும் என்றுதான் அப்புறம் கொண்டுபோகவில்லை என்று சொன்னேன். நீங்கள் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சரி, மீதியையும் எழுதுகிறேன். சீல் டீயைக் குடித்து முடித்ததும் பிளாப்பியை உள்ளே கொடுத்தான். மேனேஜர் பார்த்தார். நாலாம் நாள் தகடு வெட்டும் கொட்டகையிலிருந்து இரண்டு பேரை மாற்றினார்கள். ஒருவன் கேட்டில் காவலுக்கு நின்றான். இன்னொருவன் பத்தாவது முடித்தவன். அவனுக்கு எங்கள் ரெக்கார்டு அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மேஜை மேல் ஒரு மணி.

அதாவது அந்த நடைமுறை வேலை செய்தது. அதை நான் மறைக்கவில்லை. கேட்டிருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன்.

அந்த மேஜைக்காரன் முதல் வாரம் என்னை "அண்ணே" என்றான். இரண்டாவது வாரம் "பெரிசு" என்றான். ஒரு மாதத்தில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டு மணியை அடித்தான். ஒரு அடி என்றால் தண்ணீர், இரண்டு அடி என்றால் டீ. ஈயத்தில் கறுத்த அந்த நகங்கள் இன்னும் வெளுக்கக்கூட இல்லை. ஒரு நாற்காலி கிடைத்ததும் மனிதன் எப்படி ஆகிவிடுகிறான் பாருங்கள். ஒரு வருஷத்தில் வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மேஜை காலியாக இருந்தது. மணியை எடுத்து நான் டிராயருக்குள் போட்டேன்.

இனி என் தம்பி.

அவன் எனக்கு ஐந்து வயது இளையவன். அப்பா போன பிறகு நான் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனேன். அதனால் அவன் பத்தாவது வரை படித்தான். இதை நான் சொல்லிக் காட்டினது கிடையாது. ஒன்றிரண்டு தடவை சொல்லியிருப்பேன். தொழிற்சாலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். ஈயம் உருக்கும் கொட்டகை. ஆள் நம்பர் நூற்றுப் பதினேழு. கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்த பிறகும் என் முன்னால் உட்கார மாட்டான். நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்பான். கடிதம் ஏதாவது வந்தால் நான் கொடுப்பேன். அவன் படித்துச் சொல்லிவிட்டு, எனக்கும் தடுமாறாமல் படிக்கத் தெரியும் என்பதுபோல் மடித்துத் திருப்பிக் கொடுப்பான். ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அந்த மாதிரி நல்லவர்களோடு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

டைப்பிஸ்ட் அம்மா ஒரு நாள் மதியம் உருக்கும் கொட்டகை பிளாப்பியைக் கொடுத்தார். சிவப்பு லேபிள்.

"அண்ணே, இதை இன்னைக்கே மேல குடுத்துடுங்க. உங்க தம்பி நம்பர் இருக்கு. ஐம்பத்தெட்டு."

வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

"பயப்படாதீங்க. இது ஆரம்பம்தான். அங்கேயிருந்து எடுத்துட்டா தன்னால இறங்கிடும். ஒரு விதத்துல நல்லதாப் போச்சுண்ணே. அந்தக் கொட்டகையில படிச்சவர் அவர் ஒருத்தர்தான், இங்க மேஜையும் காலியா இருக்கு. உங்க பக்கத்துலயே வந்துடுவாரு பாருங்க."

அந்த அம்மா நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். முற்றத்தைத் தாண்டினேன். படிக்கட்டின் அடியில் நின்றேன். வெயில். மேலே சீல் யாரையோ அதட்டுகிற சத்தம் கேட்டது.

தம்பி மணியடிப்பான் என்று நான் நினைக்கவில்லை. அவன் அடிக்க மாட்டான். "அண்ணே, நீங்க உட்காருங்க, நானே எடுத்துக்கிறேன்" என்பான். அது இன்னும் மோசம். நான் உட்கார்ந்திருக்க, அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க, அதை எல்லாரும் பார்க்க, அவன் நல்லவன் என்று எல்லாரும் பேச, நான் அந்த அறையில் பியூனாக ஓய்வு பெறும் வரை இருக்க வேண்டும். அவனைப் படிக்க வைத்தவன் நான்.

திரும்பி வந்தேன். அலமாரியைத் திறந்து ஒரு நீல லேபிளை உரித்து, சிவப்பின் மேல் ஒட்டினேன். இரண்டும் ஒரே அளவு. நாலு மூலையையும் கட்டை விரலால் அழுத்தினேன். நீல லேபிள் ஒட்டினது பீரோவுக்குப் போக வேண்டும் என்பது முறை. பீரோவில் வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து டைப்பிஸ்ட் அம்மா கேட்டார்.

"குடுத்தாச்சாண்ணே?"

"குடுத்தாச்சு."

"ஆளை மாத்தலையே?"

"மேல இருக்கறவங்க நினைச்சாத்தான் மாத்துவாங்க. நீங்களும் நானும் நினைச்சா ஆகுமா?"

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் இரண்டு கால் இருந்தது. முப்பத்தெட்டுப் படிதான். ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரை நீங்கள் கூப்பிட்டு விசாரித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த மூன்று மாதத்தில் அறுபத்து மூன்று. அதற்கும் நீலம் ஒட்டினேன். ஒட்டித்தான் ஆக வேண்டும். இதை மேலே கொடுத்தால் போன தடவையது எங்கே என்று கேட்பார்கள். பிறகு எழுபத்தொன்று. தம்பி நம்பரோடு மற்ற நம்பர்களும் சேர்ந்துகொண்டே வந்தன. கடைசிக் கடைசியில் டைப்பிஸ்ட் அம்மா லேபிளில் இடம் போதாமல் நம்பரைப் பொடிப்பொடியாக எழுதினார். ஒரு கொட்டகைக்கு ஒரு பிளாப்பிதான் என்பதால் ஒன்றும் செய்வதற்கில்லை. அந்த மற்ற ஆட்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அவர்களில் ஒருவன் எனக்குக் குடை கொடுத்திருக்கிறான். மொத்தம் பதினாலு பேர். இப்போது இருப்பது மூன்று பேர் என்று நேற்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். நாலு பேர் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

தம்பிக்கு முதலில் வயிற்றைப் பிடித்தது. பிறகு பேச்சு குழறியது. பிறகு வலது மணிக்கட்டு தொங்கிப் போனது. கையை நீட்டினால் கை நிற்கும், விரலெல்லாம் கீழே தொங்கும். ஒரு நாள் கொட்டகையில் தள்ளாடி விழுந்தான். தொழிற்சாலை டாக்டர் பீரோவைத் திறந்து பார்க்கச் சொன்னார். எல்லாம் நீலம். ஈயம் இல்லை என்றானது. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் தம்பி குடிப்பானா?"

"வீட்டுல நான் பார்த்ததில்லைங்க. வெளியில என்ன பண்றான்னு எனக்கென்ன தெரியும்?"

இரண்டு வாக்கியம் சொன்னேன். டாக்டர் இரண்டாவதை மட்டும் எழுதிக்கொண்டார். படித்தவர்கள் அப்படித்தான், தங்களுக்கு வேண்டியதை மட்டும் காதில் வாங்குவார்கள். குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று சீட்டைக் கிழித்தார்கள். அந்தத் தாளிலும் சீல் ஒரு சீல் குத்தினான்.

தம்பி மனைவி என் வீட்டுக்கு வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள், மூன்று வயது.

"மாமா, நீங்களே சொல்லுங்க. இவரு குடிக்கிறாரா? நான் கேட்டா இல்லைங்கிறாரு. நாக்கு குழறுது, நடக்கத் தெரியல. ஊரே பேசுது."

"கூட இருக்கற உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியப் போகுதா?" என்றேன்.

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு அங்கிருந்தே தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. பேச்சு குழறுகிறவன் தான் குடிக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? சொல்லச் சொல்லக் குடித்தவன் மாதிரியே இருக்கும். கடைசியில் சொல்வதை நிறுத்திவிட்டான்.

அவனை என் வீட்டுக்கு நான்தான் கூட்டி வந்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? மூன்று வருஷம் பார்த்துக்கொண்டேன். இதை நீங்கள் எழுத்தில் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். குளிப்பாட்டினேன், சட்டை மாட்டிவிட்டேன், ஊட்டிவிட்டேன். டம்ளரை அவனால் பிடிக்க முடியாது. காலையும் மாலையும் டீ போட்டு, ஆற்றி, நானே அவன் வாயில் வைத்துக் கொடுத்தேன். அவனுக்கு டீ கொண்டுபோகக் கூடாது என்றுதானே அவ்வளவும் செய்தாய் என்று நீங்கள் இப்போது கேட்பீர்கள். இது வேறு. அது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கொண்டுபோய் வைப்பது. இது தர்மம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அதிகாரியாக இருக்கிறார்கள்.

முதல் வருஷம் முடிகிற சமயத்தில் தொழிற்சாலை மூடி, பிளாப்பிகள் வீட்டுக்கு வந்துவிட்டன. டீ டம்ளருக்கு அடியில் ஒன்று வைத்திருந்தேன். தம்பி ஒரு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். குழறினாலும் எனக்கு அவன் பேச்சு புரியும்.

"அண்ணே, இதெல்லாம் நம்ம ஆபீஸ் பிளாப்பிதானே? இதுல எங்கேயாவது என் நம்பர் இருக்குமா?"

"இருந்தா என்ன?"

"ஒண்ணுமில்ல. நான் குடிக்கலைன்னு அதுக்காவது தெரியும்."

"அதுக்கு வாய் இருக்கா? ஆறிப் போகுது, குடி" என்றேன்.

குடித்தான். அவன் அதை என்னிடம் குத்திக் காட்டினானா, சும்மா சொன்னானா என்று நான் யோசித்ததுண்டு. சும்மாதான் சொல்லியிருப்பான். அவனுக்குக் குத்திக் காட்டத் தெரியாது. அவன் போன பிறகுதான் அடுப்படிச் சுவரைச் செய்தேன்.

இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. நாலு மாதம் முன்பு தம்பி மகள் வந்து கதவைத் தட்டினாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவன் முகம்தான். அவள் அம்மா தவறிவிட்டாளாம். சாகும் முன்பு மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஒரு நாள்கூட அந்த மனுஷன் மேல சாராய வாடையை நான் மோந்ததில்லடி" என்று சொன்னாளாம். செத்துப் போகிறவர்கள் எதையாவது சொல்லி இருக்கிறவர்களுக்கு வேலை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

"பள்ளிக்கூடத்துல என்னைக் குடிகாரன் பொண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க. நானும் அப்பாவைத் திட்டித் திட்டித்தான் வளர்ந்தேன். நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா பெரியப்பா, அவர் குடிச்சதை?"

"செத்தவனைப் பத்தி இப்ப என்ன? உனக்கு டீ போடத் தெரியுமா?"

உள்ளே போனாள். நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒருத்தனுக்குப் போடும்போது சின்னப் பாத்திரம்தான் வைப்பேன். அவள் பெரிய கெட்டிலை வைத்திருக்கிறாள். அதன் மூக்கிலிருந்து ஆவி நேராக அந்த வரிசையில் போய் அடித்திருக்கிறது. இத்தனை வருஷம் கழித்துப் பிசின் இளகிவிட்டது.

"பெரியப்பா, இந்த நீலச் சீட்டு உரியுது. அடியில சிவப்பா ஒண்ணு இருக்கு."

"எல்லாத்துக்கும் அடியில ஏதாவது இருக்கத்தான் செய்யும். டீ பொங்குது, அதைப் பாரு."

டம்ளரை மேடையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"நூத்துப் பதினேழுன்னு எழுதியிருக்கு. அம்மா வெச்சிருந்த அப்பாவோட அடையாள அட்டையில இதே நம்பர்."

கத்தி முனையைக் கொடுத்து அதைச் சுவரிலிருந்து பெயர்த்தாள். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. ஆவியில் ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டி உரித்தாள். பதினொன்று முடிந்து பன்னிரண்டாவதை உரித்தாள்; அதில் நீலத்துக்கு அடியில் வெறும் பிளாஸ்டிக். அதோடு நிறுத்தினாள். கெட்டிக்காரிதான். நான் போட்ட சிமென்ட் அவ்வளவு சுலபமாக விடாது; ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் போட்ட டீ மேடையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. வீணாக்க வேண்டாம் என்று நானே எழுந்து போய் எடுத்துக் குடித்தேன். சர்க்கரை கூட.

அவள் சத்தம் போடவில்லை. பதினொன்றையும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். அவற்றைப் படிக்க ஒரு பழைய மெஷினை எங்கேயோ தேடிப் பிடித்ததாகச் சொன்னீர்கள். பதினொன்றில் ஒன்பது படித்ததாம். இருபது வருஷம் எண்ணெயும் ஆவியும் பட்டும் படித்திருக்கிறது. அந்தக் காலத்துப் பொருள்.

அதனால் எழுதுகிறேன். அந்தப் பதினொரு நீல லேபிளையும் ஒட்டியது நான். அடியில் இருப்பது என்ன என்று தெரிந்து ஒட்டினேன். எழுத்து எனக்குத் தடுமாறும், எண் தடுமாறாது. மேலே கொடுத்திருந்தால் ஆளை மாற்றியிருப்பார்கள் என்பதும் தெரியும். என் தம்பி குடித்ததில்லை. இந்த வரியை எழுதச் சொல்லி நீங்கள் நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். எழுதிவிட்டேன். லேபிள் ஒட்டினதற்கு என்ன தண்டனை என்று உங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறதோ, அதைச் சொல்லுங்கள். சுவரில் பதினொரு சதுரம் பல்லுப் போனதுபோல் இருக்கிறது. வேலை முடிந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுத்தால் பதித்துக்கொள்வேன்.

நேற்று உங்கள் அறையிலிருந்து வெளியே வந்தபோது தம்பி மகள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் அப்பனைப் போலவே.

"நீங்க ஜெயிலுக்குப் போகணும்னு எனக்கு இல்ல பெரியப்பா. தாள்ல எழுதறது அவங்களுக்கு. எனக்கு ஒரே ஒரு தடவை வாயால சொல்லுங்க. என் முகத்தைப் பார்த்து. எங்கப்பா குடிகாரர் இல்லைன்னு."

பெஞ்சில் அவள் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் கப்பில் டீ இருந்தது. ஒன்று எனக்கு வாங்கியிருப்பாள் போல. மேலே ஆடை கட்டியிருந்தது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஒரு பியூன், கையில் ஃபைலோடு நின்று எங்களைப் பார்த்தான்.

"வெளியே போற வழி இதுதானே?" என்று அவனைக் கேட்டேன். அவன் கையைக் காட்டினான். நடந்தேன்.

"பெரியப்பா" என்றாள் பின்னாலிருந்து. நான் நிற்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் வாயால் சொன்னால்தான் ஆயிற்று. அவள் அன்றைக்கு மூன்று வயதுக் குழந்தை, அவளுக்கென்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரியும்? நான் இருபத்து நாலு மணி நேரமும் அவன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேனா? என்றைக்காவது ஒரு நாள், எங்கேயாவது மறைவில், ஒரு மடக்காவது குடித்திருக்க மாட்டானா என்ன.